மாமனார் விட்டுப்போன காரின் கிளச்

பழைய காரைக் கண்டு "ஆ, என்ன வடிவு!" என்று வாயைப் பிளக்கிறவர்களில் ஒருவர்கூட அதை வைத்திருப்பவர் இல்லை. வைத்திருப்பவனுக்கு வடிவு தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் ஒயில் சொட்டும் இடம், மழை ஒழுகும் இடம், கதவை எவ்வளவு தூக்கிச் சாத்தவேண்டும் என்பது. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு வளவில் நின்ற, மைனர் என்கிற நீல நிற இங்கிலாந்துக் காருக்கு முன்னால் எத்தனையோ பேர் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கல்யாணப் படத்துக்கென்று ஒரு சோடி வந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கிறீஸ் பட்டதும் அவர்கள் முறைத்தது காரை அல்ல, என்னை.

உண்மையில் கார் என்னுடையதே அல்ல. எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். நான் வெல்லாவெளியிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினேன். கிணறு, தென்னைகள், மாமி, மாமனார் விட்டுப்போன கார் எல்லாம் வீட்டோடு சேர்ந்தே கிடைத்தன. மாமனாரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர் கார் ஓட்டின விதத்தை மாமி சொல்லிச் சொல்லி, அவர் சாரதித் தொழிலுக்கென்றே வானத்திலிருந்து இறங்கின மனிதர் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அவர் ஓட்டினால் மடியில் வைத்த தண்ணீர்ச் செம்பு அசையாதாம். நான் ஓட்டினால் செம்பு மட்டுமல்ல, மாமியும் அசைவார். அதை அவர் ஒவ்வொரு பயணத்திலும் மறக்காமல் எடுத்துச் சொன்னார்.

கல்யாணம் கட்டி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. இதை நான் சுற்றிவளைத்துச் சொல்லத் தேவையில்லை. ஊர் ஒருநாளும் சுற்றிவளைத்துக் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனத்துப் பெண் தன் பிள்ளையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டு, "எங்க போறீங்க? டவுணுக்கோ? டொக்டரிட்டயோ?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பாள். அதனால் பட்டணத்து டொக்டரிடம் போகிற நாளில் மனைவி பஸ்ஸில் ஏறமாட்டாள். காரில்தான் போவோம். மாவட்டத்திலேயே இப்படி வட்ட முதுகுள்ள நீலக் கார் ஒன்றுதான் இருந்தது என்பதும், அது தெருவில் இறங்கினால் நாங்கள் எங்கே போகிறோம் என்று நாய்க்கும் தெரியும் என்பதும் எங்கள் மூளையில் ஏறவில்லை.

டொக்டர் நாள் குறித்துத் தருவார். மாதத்தில் இந்த நாள், காலையில் இத்தனை மணிக்குள் என்று. அந்த நாள் தவறினால் அடுத்த மாதம்தான். மனைவிக்கு முப்பத்தெட்டு. அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது மாதங்களை.

நான் உள்ளே போவதில்லை. அந்த வரவேற்பு அறை முழுக்கப் பெண்கள் இருப்பார்கள். எனக்கு அங்கே என்ன வேலை? காரை வேப்பமரத்தின் கீழ் நிறுத்திவிட்டுக் கச்சான் கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருப்பேன். ஒருமுறை மனைவி வந்து ஏறி, "டொக்டர் உங்களையும் ஒருக்கா வரட்டாம்" என்றாள். "எனக்கென்ன? கல்லுப்போல இருக்கன். எங்கட அப்பாவுக்கு ஏழு பேர்" என்று சிரித்தேன். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கிளச்சை மிதித்து கியரைப் போட்டேன்.

கிளச் முதலில் வழுக்கியது ஒரு வைகாசி முடிவில், கல்லடிப் பாலத்தில். அந்தப் பாலத்தின் ஏற்றம் ஒரு மூன்று சக்கரச் சைக்கிள்கூட மூச்சு வாங்காமல் ஏறுகிற ஏற்றம். எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. இன்னும் மிதித்தேன், இன்னும் உறுமியது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. பக்கத்தில் இருக்கும் பழைய பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மீனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். தும்பு கருகின மாதிரி ஒரு நாற்றம் காருக்குள் வந்தது. மனைவி இறங்கி ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது இரத்தம் எடுக்கிற நேரம் முடிந்து கதவு சாத்தியாயிற்று. அந்த மாதம் அப்படிப் போனது.

வீட்டுக்கு ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்ததும் காருக்கு வைத்தியர்கள் கூடினார்கள். குருடர்கள் யானை பார்த்த கதைதான். பஸ் ஓட்டி இளைப்பாறிய அயல்வீட்டுக்காரர் பெற்றோலில் தண்ணீர் என்றார். கனடாவில் இருக்கும் ஒரு உறவினர் வாட்ஸ்அப்பில் சத்தத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு, கியர் பொக்ஸ் முடிந்தது, காரையே விற்றுவிடு என்றார். அவர் இருக்கும் நாட்டில் பனிக்குள் காரைத் தோண்டி எடுக்கவே நேரம் போதாது. இதற்கிடையில் செட்டிபாளையத்துக்கு வைத்தியம். மாமி கண்ணூறு என்று தீர்மானித்து, முன் பம்பரில் தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டினார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பத்தாம் ஆண்டு மாணவருக்கு விளைவைக் கண்டால் காரணத்தைத் தேடு என்று வருடம் வருடமாகச் சொல்லித் தொண்டை கட்டினவன். அதனால் சோதனை செய்தேன். கை பிரேக்கை இழுத்து, நாலாம் கியரைப் போட்டு, கிளச்சை மெதுவாக விட்டேன். கிளச் நல்லதென்றால் எஞ்சின் ஒரு குலுங்குக் குலுங்கி நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. கிளச் பிளேட் பிடிக்கவில்லை, வழுக்குகிறது. அடியில் படுத்துப் பார்த்தேன். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருகிற இடத்தில் ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒயில்தான் பிளேட்டில் பட்டிருக்கிறது. இவ்வளவு சொல்ல எனக்குக் கால் மணி நேரம் எடுத்தது. அதை மற்றவர்கள் கேட்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஏனென்றால் கேட்கவே இல்லை.

அப்போது மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். வவுணதீவில் பெண் கட்டி, அங்கேயே நெல் குத்தும் மில் நடத்துகிறார். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை என்று சொல்வார்களே, அந்தத் தம்பி இவர்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு உரப் பை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மச்சான், ஒயில் பட்டுத்தானே வழுக்குது? அப்ப ஒயில உறிஞ்சினாச் சரிதானே? உமிச் சாம்பல் கொண்டந்திருக்கன். எங்கட மில்லுல பெல்ட் வழுக்கினா இதத்தான் போடுற."

"பெல்டும் கிளச்சும் ஒண்டா, மச்சான்?"

"ரெண்டும் சுத்துறதுதானே!"

இந்த வாதத்துக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லாமல் நின்றதை இன்றைக்கும் நினைத்து என்னையே நொந்துகொள்கிறேன். அவருக்கு மறுப்புச் சொன்னால் மாமி மூன்று நாள் முகம் தரமாட்டார். அது ஒன்றுதான் காரணம். மச்சான் காருக்கு அடியில் படுத்து, கிளச் இருக்கும் கூட்டின் கீழே இருந்த ஓட்டையில் பத்திரிகைத் தாளால் புனல் செய்து வைத்து, சாம்பலைக் கொட்டி, சைக்கிள் பம்பால் உள்ளே ஊதினார். மாவு இடித்த பெண்பிள்ளை போல வெள்ளைத் தலையோடு வெளியே வந்தார். கார் ஓடியது. பாய்ந்து ஓடியது என்றே சொல்ல வேண்டும். மச்சான் அந்தக் கிழமை முழுவதும் வவுணதீவிலிருந்து செட்டிபாளையம் வரை தன் வைத்தியத்தைப் பற்றிக் கதைத்தார்.

பத்தாம் நாள் கார் ஓலமிட்டது. உமிச் சாம்பலால்தான் எங்கள் ஊரில் கரி பிடித்த சட்டியைத் தேய்ப்பார்கள். சட்டியைத் தேய்க்கிற சாம்பல் இரும்பைத் தடவிக்கொடுக்கும் என்று ஒரு மில் முதலாளி நினைத்தார்; ஒரு விஞ்ஞான ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் குறித்த அடுத்த திகதிக்கு இரண்டு கிழமை இருந்தது. பக்கத்து ஊர் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். ஆள் கெட்டிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான் என்று பிறகு தெரிந்தது. இந்தக் காரில் கிளச் மாற்றுவதென்றால் எஞ்சினையே தூக்கி வெளியே எடுக்க வேண்டும். தோணி எஞ்சின் தூக்குகிறவர்களிடம் ஒரு செயின் புளொக்கை இரவல் வாங்கி, மாமரத்துக் கிளையில் தொங்கவிட்டார். மாமரம் முறியும் என்று மாமி ஒரு பக்கம் நின்று ஒப்பாரி வைத்தார். மனைவி இன்னொரு பக்கம் நின்றாள். எஞ்சின் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு பகலில் அவள் ஐந்து தரம் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். இவளுக்கு எப்போதிருந்து எஞ்சினில் அக்கறை என்று யோசித்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பழைய பிளேட்டைக் கழற்றினால், எண்ணெயில் பொரித்துச் சாம்பலில் புரட்டின அப்பளம் மாதிரி இருந்தது. அது உரசுகிற இரும்புச் சில்லில், தகரத்தில் ஆணியால் கீறினதுபோல வளையம் வளையமாகக் கோடு. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "முந்தியே இருந்திருக்கும்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சில்லைப் பட்டணத்தில் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீவி எடுத்தோம். புதுப் பிளேட்டும் அதை அழுத்துகிற பாகமும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தன. பூட்டுவதற்கு முன்னால் மெக்கானிக், "எஞ்சின மண்ணெண்ணெய் ஊத்தி உள்ளும் புறமும் கழுவுவமா?" என்று கேட்டார். நான் ஓம் சொல்ல வாய் திறந்தேன்.

"வேண்டாம் பாஸ்," என்றாள் மனைவி மெக்கானிக்கிடம். "கழுவ வேண்டாம். அப்பா ஒருநாளும் கழுவவிடமாட்டார். அப்பிடியே பூட்டுங்க."

செத்துப்போன மனிதர் எஞ்சினின் அழுக்குக்குக்கூடச் சட்டம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மெக்கானிக்கோ வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். "ஒயில் ஏன் வருகுது எண்டு பாக்கல்லையா?" என்று அவரிடம் கேட்டேன்.

"இது வெள்ளைக்காரன்ட பழைய எஞ்சின், சேர். ஒயில் விட்டாத்தான் நல்லம். விடாட்டி உள்ளுக்க ஒயில் இல்ல எண்டு அர்த்தம்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். காய்ச்சல்காரனின் போர்வையை மாற்றிவிட்டுக் காய்ச்சல் சுகம் என்று போகிற வைத்தியனை என்ன சொல்வது? பாகத்தை மாற்றத் தெரிந்தவன் எல்லாம் மெக்கானிக். ஏன் பழுதானது என்று கேட்பவன் கரைச்சல்காரன். நான் அன்று மனதுக்குள் அவரை ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது.

அந்த மாதம் நேரத்துக்குப் போனோம். மனைவி உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்ல. அடுத்த மாசமும் வரட்டாம்."

"இத்தின டெஸ்ட் எடுத்தும் ஒண்டும் கண்டுபிடிக்கல்லையா? நல்ல டொக்டர்!"

நான் வீடு வரும்வரை டொக்டர்களை ஏசிக்கொண்டு வந்தேன். கிளச் நன்றாகப் பிடித்தது.

மூன்று கிழமைதான் பிடித்தது. பாடசாலை விடுமுறை தொடங்கின அன்று, சந்தைக்குப் போன வழியில் மறுபடியும் அதே உறுமல், அதே தும்பு கருகின நாற்றம். அடுத்த திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது. இந்தத் தடவை ஒருவரையும் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பிளேட்டை மாற்றுவது பிறகு, முதலில் காரணம்.

இரண்டு நாள் இருந்து படித்தேன். இங்கிலாந்தில் ஒரு கிழவர் தன் கொட்டகையில் இதே எஞ்சினைக் கழற்றிக் காட்டும் படங்களைக் கைப்பேசியில் பார்த்தேன். இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ஒயிலை மறிக்க இரப்பர் வளையம் ஒன்றும் கிடையாது. சுற்றுகிற தண்டில் திருகாணிப் புரிபோல வெட்டின ஒரு பள்ளக் கோடுதான் ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளும். ஆனால் எஞ்சின் மூச்சு விட்டால்தான் அது வேலை செய்யும். உள்ளே சேருகிற காற்று வெளியேற மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் இருக்கின்றன. அவை அடைபட்டால் காற்று ஒயிலைப் பின்பக்கத்தால் பிதுக்கித் தள்ளும். அது நேரே கிளச்சில் போய் விழும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். கொதிக்கிற உலைப்பானை மூடியைத் தள்ளுகிற மாதிரி மூடி கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆர்க்கிமிடிஸ் உடுதுணி இல்லாமல் ஓடினாராம். நான் சாரத்தோடு ஓடினேன், அவ்வளவுதான் வித்தியாசம். மேலே இருந்த இரப்பர்க் குழாயைத் தேடினேன். அது எந்தக் காலத்திலோ வெடித்து, அந்த வாயில் வேப்பங்கட்டை ஒன்று அழகாகச் சீவி அடிக்கப்பட்டிருந்தது. செம்புத் தண்ணீர் அசையாமல் ஓட்டின மகானின் கைவேலை. எஞ்சினின் ஒரு மூக்கை அவர் அடைத்திருக்கிறார். மற்ற மூக்கு, பக்கத்தால் இறங்கிக் கீழே திறந்து நிற்கும் இரும்புக் குழாய். இவ்வளவு காலமும் கார் அதனால்தான் மூச்சு விட்டிருக்கிறது. இப்போது அதுவும் அடைபட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை, தூக்க ஒரு கை வேண்டுமே என்று மச்சானை மட்டும் வரச்சொல்லி, செயின் புளொக்கை மாமரத்தில் மாட்டி, எஞ்சினை இறக்கி இரண்டு தென்னங்குற்றியில் வைத்தோம். வெள்ளிக்கிழமை டொக்டரின் திகதி. கிளச்சை மாற்றுவதற்கு முன் அந்தக் குழாயைக் கழற்றிச் சைக்கிள் கம்பியை உள்ளே விட்டேன். முட்டியது. இன்னும் தள்ளினேன். உலர்ந்த மண் கட்டியாகக் கீழே விரித்திருந்த சாக்கில் விழுந்தது. மண்ணுக்குள் சின்னச் சின்ன அறைகள். அறைகளுக்குள் காய்ந்துபோன சிலந்திகள். ஒரு அறையில் சுருங்கிக் கறுத்த புழு ஒன்று.

குளவிக் கூடு.

"எல்லாரும் இஞ்ச வாங்க!" என்று கத்தினேன். "வந்து பாருங்க! ரெண்டு பிளேட்டத் திண்டது இதுதான்! கண்ணூறுமில்ல, கியர் பொக்ஸுமில்ல!"

மச்சான் குனிந்து பார்த்தார். மாமி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் சாக்கைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தார்.

"ஐயோ தம்பி, உடைச்சிட்டீங்களே. குளவி மண் வச்சா உடைக்கப்படாது."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. வீட்டில் குளவி மண் எடுத்துவந்து கூடு வைத்தால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை தங்கும். கூட்டை யாரும் தட்டமாட்டார்கள்; கதவுப் பூட்டின் துவாரத்தில் வைத்தால்கூட மற்றக் கதவால் போய் வருவார்கள். ஒரு பூச்சி இடம் கிடைத்த இடத்தில் முட்டையிடுகிறது, இதற்கும் மனிதரின் கருப்பைக்கும் என்ன தொடர்பு என்று நான் எத்தனையோ வகுப்பில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு வெற்றி தலைக்கேறி இருந்தது. சைக்கிள் கம்பியின் நுனியால் அந்தக் கறுத்த புழுவைக் கிளறி எடுத்து மாமிக்கு முன்னால் நீட்டினேன்.

"அப்ப உங்கட பேரப்பிள்ள இந்தக் குழாய்க்குள்ளதான் இருந்திருக்கு. பாருங்க மாமி, எஞ்சின் சூட்டில கருவாடாப் போச்சு!"

சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்துச் சிரித்தேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர் சிரிக்கவில்லை. அவர் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாள்.

மச்சான் தென்னையில் குரும்பை பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார். மாமி மெல்ல உள்ளே போனார். அவள் தட்டைத் தென்னங்குற்றியின் ஓரத்தில் வைத்தாள். ஒரு கோப்பைகூட அசையவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது அதுக்குள்ள கிடக்கிற. அம்மன்ட வைகாசிச் சடங்கு முடிஞ்ச கிழமைதான் வந்தது. கிணத்தடி மண்ண உருட்டி எடுத்துக்கொண்டு காருக்குக் கீழ போகும். நான் நேத்திக்கடன் வச்சிட்டு வந்திருந்தன். நாலு நாள் இருந்து பாத்தன்."

"தெரிஞ்சா என்னத்துக்குச் சொல்லல்ல? ரெண்டு தரம் எஞ்சின இறக்கி..."

"சொன்னா உடைப்பீங்க."

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று அவள் சொன்னதும், ஐந்து தரம் தேத்தண்ணீர் கொண்டுவந்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்துப்போன தகப்பனின் சட்டமல்ல. அந்தப் பகல் முழுவதும் மெக்கானிக்கின் கை அந்தக் குழாயில் பட்டுவிடுமோ என்று காவல் நின்றிருக்கிறாள்.

"புள்ள, நீ படிச்ச ஆள். இத நம்பிறியா?" என்றேன். என் குரல் இறங்கிப்போயிருந்தது, ஆனாலும் ஆசிரியனின் கேள்விதான் வாயில் வந்தது.

"நம்பல்ல. உடைக்கவும் மனம் வரல்ல." சாக்கில் கிடந்த மண்ணைப் பார்த்தாள். "மறுகா நான் வேற என்னத்தச் செய்யிற? டொக்டர் மூண்டு தரம் சொல்லிட்டார், என்னில ஒரு பிழையும் இல்லையாம். இனி என்னக் கொண்டு வந்து குத்திக் குத்தி இரத்தம் எடுக்கிறதில வேலையில்லையாம். உங்களக் கூட்டிவரட்டாம்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னன். சிரிச்சீங்க."

கையில் சைக்கிள் கம்பி இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு மெக்கானிக்கை, ஒரு மில்காரரை, செத்துப்போன ஒரு மனிதரை, ஊரை, கனடாவை எல்லாம் இரண்டு மாதமாக ஏசித் தீர்த்த வாய் அன்று வறண்டு போயிற்று.

"வெள்ளிக்கிழமை நான் வரல்ல," என்றாள் அவள். "கிளச்சப் பூட்டிப்போட்டு நீங்க போங்க." தேத்தண்ணீர் ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றும் அடுத்த நாளும் நானும் மச்சானும் வேலை செய்தோம். குழாயைக் கழுவினேன். வேப்பங்கட்டையைப் பிடுங்கிவிட்டுப் புது இரப்பர்க் குழாய் போட்டேன். ஒயிலில் ஊறின பிளேட்டைக் கழற்றி, இன்னொன்று பூட்டினேன். மச்சான் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. அவரை அப்படி நான் கண்டதே இல்லை. எஞ்சினை ஏற்றி ஓடவிட்டு, ஒயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தேன். கையைத் தள்ளவில்லை. அடியில் ஒரு சொட்டு இல்லை. நாலாம் கியரில் கிளச்சை விட்டேன். எஞ்சின் குலுங்கி நின்றது.

வெள்ளிக்கிழமை காலை தனியாகப் போனேன். மனைவி வாசல்வரை வந்து, ஒரு மட்டை ஃபைலைத் தந்தாள். அவளுடைய ஒன்பது வருடத்து அறிக்கைகள். நான் எதிர்பார்த்ததை விடப் பாரமாக இருந்தது. பாலத்தில் கார் ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. வேறு நாளென்றால் அதை ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

வேப்பமரத்தின் கீழ் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பயமாக இருந்தது. பிறகு இறங்கி உள்ளே போனேன். பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஃபைலை வாங்கி, மேலே இருந்த பெயரை வாசித்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இவங்க எங்க? வெளிய நிக்கிறாங்களா?"

"அவ வரல்ல," என்றேன். "நான்தான் டொக்டரிட்டக் காட்ட வந்தனான்."

அவள் புதுக் காகிதம் ஒன்றை எடுத்து என் பெயரையும் வயதையும் கேட்டு எழுதினாள். வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.